கல் எடுத்த பள்ளம்

மகேந்திரவாடிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான் அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. தை மாதக் கடைசி. வண்டி ஓட்டிய நண்பர் வாலாஜாபேட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். துவைத்த துணி மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு பெண்கள் சாலைக்கு ஏறி வருவதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். "இந்தப் பக்கம் ஏரியும் இல்ல, கால்வாயும் இல்ல. எங்க துவைச்சுட்டு வர்றாங்க?" என்றார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அவர்கள் வந்த தடத்திலேயே நடந்தோம்.

இருபுறமும் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்திருந்தது. அந்தச் செடியை வெறும் காட்டுச்செடி என்று சொல்லிவிட முடியாது. தோல் பதனிடக் குரோமியம் வருவதற்கு முன்பு, ஆற்காட்டுச் சீமையில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதப்படுத்தியது ஆவாரம்பட்டைதான். ஒரு காலத்தில் வண்டி வண்டியாக உரித்துக் கொண்டுபோன பட்டையை இன்று யாரும் சீண்டுவதில்லை. செடி தன் போக்கில் வளர்ந்து நின்றது. ஆவாரை முடிந்த இடத்தில் தரையும் முடிந்தது. அடுத்த அடி வைத்திருந்தால் முப்பது அடி கீழே விழுந்திருப்போம். வேலியும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை.

கைவிடப்பட்ட கல்குவாரி. ஒன்றரை ஏக்கர்தான் இருக்கும். மூன்று பக்கம் செங்குத்தான பாறைச் சுவர், ஒரு பக்கம் லாரி இறங்கிய சரிவு. அடியில் தண்ணீர், பச்சையும் கறுப்பும் கலந்த நிறத்தில் அசையாமல் கிடந்தது. ஊரின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். இப்படிப்பட்ட தண்ணீரைத் தேடி விடுமுறை நாளில் நீந்த வரும் பிள்ளைகள் ஒவ்வொரு கோடையிலும் தமிழ்நாட்டில் எங்காவது செத்துப்போகிறார்கள். குவாரித் தண்ணீருக்குக் கரை கிடையாது. ஓரத்திலேயே ஆள் ஆழம். கால் ஊன்றப் படியும் இல்லை, பிடித்து ஏற வேரும் இல்லை.

காலையில் மகேந்திரவாடியில் பார்த்ததைச் சொன்னால்தான் இந்தப் பள்ளம் எனக்கு என்னவாகத் தெரிந்தது என்பது விளங்கும். அங்கே வெட்டவெளியில் ஒற்றைப் பெரும்பாறை தனியே கிடக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அதைக் குடைந்து திருமாலுக்குக் கோயிலாக்கினான். மேலும் கீழும் சதுரமாக, நடுவில் எட்டுப்பட்டையாக நிற்கும் தூண்கள். அவற்றில் ஒன்றில் உள்ள பல்லவக் கிரந்தக் கல்வெட்டு, மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் குணபரன் பாறையைப் பிளந்து மகேந்திர விஷ்ணுகிருகத்தைச் செய்வித்தான் என்கிறது. குணபரன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்திருக்கிறான். அந்த ஏரி இன்றும் இருக்கிறது.

கோயிலுக்குள் நின்றபோது ஒன்று தோன்றியது. குடைவரையில் எதையும் கட்டுவதில்லை. உளி கல்லை அப்புறப்படுத்திக்கொண்டே போக, கடைசியில் மிஞ்சும் வெற்றிடம்தான் கோயில். வெளியே எடுத்த கல் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே, குவாரியின் விளிம்பில் நின்றபோது கணக்கு தலைகீழாக இருந்தது. எடுத்த கல்லுக்குத்தான் மதிப்பு. அது சாலையாக, பாலமாக, யார் வீட்டுக் கான்கிரீட் தளமாகவோ போய்விட்டது. வெற்றிடம் யாருக்கும் வேண்டாததாகக் கிடக்கிறது. இரண்டையும் தொடங்கியவை உளியும் சம்மட்டியும், அவற்றைப் பிடித்த கைகளும்தான். முதலாவதற்குத் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு முள்வேலிகூட இல்லை.

சரிவு வழியாக இறங்கினோம். பாறைச் சுவரை மேலிருந்து கீழாகப் படிக்கலாம். உச்சியில் ஒரு முழத்துக்குச் செம்மண், அதன் கீழே உதிரும் மொரம்பு, அதற்கும் கீழே உறுதியான பாறை. வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாகக் கோடு கோடாக மடிந்து ஓடும் நைஸ் பாறை. தமிழ்நாட்டின் வட பகுதிக்கு அடித்தளமாகக் கிடப்பது இந்தக் குடும்பத்துப் பாறைதான். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, இளகி, மடிந்து, பிறகு மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போனதால் வெளியே வந்தது. சுவரின் ஒரு மூலையில் ஆள் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு பட்டை மேலிருந்து கீழ்வரை இறங்கியது. பாறை விரிசலில் பிற்காலத்தில் புகுந்து உறைந்த குழம்பு அது.

இந்த நைஸ் பாறையின் உறவுக்காரப் பாறை ஒன்றுக்கு உலகம் முழுதும் ஒரே பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கறுத்த கல், சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் பரங்கிமலை வட்டாரத்திலிருந்து போனது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தக் கல் வகைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்து சார்னோக்கைட் என்றார். அண்டார்டிகாவில் கிடைத்தாலும் அதற்கு அந்தப் பெயர்தான். பல்லாவரத்தில் அதை வெட்டி எடுத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கீழ்ப்பகுதிச் சுவரில் அரைவட்டக் குழல்கள் வரிசையாக இறங்கியிருந்தன. ஜாக்கேமர் என்ற துளையிடும் இயந்திரம் போட்ட துளைகள். இரண்டு விரல் நுழையும் அகலம். துளைக்குள் தோட்டாவை இறக்கி, திரியை வைத்துப் பற்ற வைத்தால் பாறை துளை வரிசையோடு பிளந்து விழும். விழாமல் நின்ற பாதியில் துளையின் பாதி அப்படியே தங்கிவிடும். விரலால் தடவினேன். உள்ளே வழவழப்பு. மேல்பகுதிச் சுவரில் அந்தக் குழல்கள் இல்லை. அங்கே வேறு தடம்: விரல் நீளத்தில் சின்னச் சின்னக் குழிகள், சாண் இடைவெளியில், ஒரே கோட்டில். ஆப்புக் குழிகள். உளியால் குழி தோண்டி, இரும்பு ஆப்புகளை இறக்கி, ஒன்று மாற்றி ஒன்றாகச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே போவார்கள். பாறை ஒரு நேரத்தில் தானாக விட்டுக்கொடுக்கும். முப்பது அடிச் சுவரில் மேலே கை, கீழே இயந்திரம். ஐம்பது அறுபது வருட உழைப்பின் வரலாறு அந்தச் சுவரிலேயே எழுதியிருந்தது.

"யாருப்பா நீங்கோ? கொயந்த எதுனா வுயுந்துடுச்சா?"

திரும்பிப் பார்த்தால் ஒரு கிழவி. மூன்று ஆடுகள், இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். யாரும் விழவில்லை, சும்மா பார்க்க வந்தோம் என்று நண்பர் சொன்னார்.

"பாக்கறதுக்கு இன்னா கீது இங்க? கல்லுதான் போயிடுச்சே."

நீங்கள் இங்கே வேலை செய்தீர்களா ஆயா என்று கேட்டேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாறைமேல் குந்தினார். "குந்துங்கோ. இந்தக் குயியில நான் ஒடைச்ச கல்ல அடுக்கினா மெட்ராஸ் வரிக்கும் போவும்" என்றார். பெருமையும் அலுப்பும் ஒரே குரலில் இருந்தன.

ஆயா உடைத்தது ஜல்லி. ஆண்கள் வேட்டு வைத்துப் பெயர்த்துப் போட்ட கல்லைச் சம்மட்டியால் சக்கையாக்கித் தருவார்கள். ஓலைத் தட்டியின் நிழலில் உட்கார்ந்து பெண்கள் அதைச் சுத்தியால் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி என்று உடைக்க வேண்டும். கல் நழுவாமல் இருக்கப் பழைய டயரை வளையமாக அறுத்துப் பிரிமணை மாதிரி வைத்துக்கொள்வார்களாம். சம்பளம் பொட்டிக் கணக்கு. அளவுப் பெட்டி நிறைந்தால்தான் காசு. பெட்டி நிறைந்ததா இல்லையா என்று சொல்வது மேஸ்திரி.

"கல்லுக்கும் வாட்டம் கீது தம்பி. வாட்டம் பாத்து அடிச்சா ஒரே அடி, ரெண்டாப் பூடும். எதுர்ல அடிச்சா கல்லு ஒண்ணும் ஆவாது, நம்ம கைதான் போவும்." பக்கத்தில் கிடந்த கல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு கோட்டைக் காட்டினார். "இதோ, இப்டி." எனக்கு அங்கே எந்தக் கோடும் தெரியவில்லை. நைஸ் பாறையில் அபிரகத் தகடுகள் ஒரே திசையில் படிந்திருக்கும், அந்தத் திசையில் பிளப்பது சுலபம் என்று நண்பர் விளக்கியபிறகுதான் ஆயாவின் விரல் எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

அவருடைய அப்பா காலத்தில் வேட்டே கிடையாதாம். "நெருப்பு வெச்சித்தான் பலக எடுப்பாங்கோ. வெறகு அடுக்கி மெல்ல மெல்லத் தள்ளிக்கினே போவாங்கோ. பாற சூடேறிக் கீயேர்ந்து வுட்டுக்கும். தட்டிப் பாத்தா சத்தம் மாறும். எங்கப்பன் சத்தத்துலயே சொல்லிடுவாரு, எதுவரிக்கும் வுட்டுச்சின்னு." பெங்களூர்ப் பக்கத்துக் கல்தச்சர்கள் இதே முறையில் பெரிய பெரிய பலகைகளை உரித்தெடுப்பதை வார்த் என்ற புவியியலாளர் 1895இல் ‘நேச்சர்’ இதழில் வியப்போடு எழுதியிருக்கிறார். பாறையின் மேற்பரப்பு சூட்டில் விரிகிறது, அடிப்பாகம் விரிவதில்லை, இடையில் ஒட்டு விட்டுப்போகிறது. வெடிமருந்து இல்லை, இரைச்சல் இல்லை, விறகும் காதும்தான் கருவி.

கல்லைக் காதால் அறிவது இந்த மண்ணில் பழைய வித்தை. சிற்பிகள் தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிப்பார்கள். மணிபோல் கணீரென்று ஒலிப்பது ஆண் கல், அது தெய்வத் திருமேனிக்கு. லாலாபேட்டைக்குப் பக்கத்தில் காஞ்சனகிரி மலையில் தட்டினால் வெண்கலமாக ஒலிக்கும் மணிப்பாறையைப் பார்க்க ஊர்ச்சனம் ஏறிப் போகிறது. ஆயாவிடம் அதைச் சொன்னேன். "எல்லாக் கல்லும் பேசும். கேக்கறதுக்கு நமக்கு நேரம் வோணுமில்ல" என்றார். பெட்டி நிறைப்பதற்காகக் கல் உடைத்த பெண் சொல்கிற சொல் அது. அதனால்தான் அது எனக்கு வலித்தது.

அட்வான்ஸ் பற்றி நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் முன்பணம் வாங்கினார். "அப்பால அது நம்மள வுடாது தம்பி. ஒடைக்க ஒடைக்க அது வளந்துக்கினே போவும்." கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு போட்ட வழக்கில் 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முன்பணத்துக்காகக் கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்த ஆளைக் கொத்தடிமை என்றே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கும் அரசுக்கும்தான் என்று சொல்லிவிட்டது. ஆயா அந்தச் சட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியில் போய்விட்டார். டிபி என்று சொல்லி மருந்து கொடுத்தார்களாம். கல்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும் சிலிகோசிஸும் வெளிப்பார்வைக்குக் காசநோய் மாதிரியே இருக்கும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. நண்பரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருவருமே பேசாமல் இருந்துவிட்டோம்.

குவாரி எப்படி நின்றது? கிரஷர் வந்தது. கையால் உடைத்த ஜல்லியை வாங்க ஆள் இல்லாமல் போனது. கொஞ்ச நாள் ஜாக்கேமர் வைத்து போல்டராக எடுத்துக் கிரஷருக்கு அனுப்பினார்கள். பிறகு அடியில் ஊற்று உடைந்தது. மோட்டார் போட்டு இறைத்து மாளவில்லை. குத்தகையும் முடிந்தது. இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், பள்ளம் மட்டும் இருந்தது. சட்டத்தின் பார்வையில் கல்குவாரியும் சுரங்கம்தான். கைவிட்டால் சுற்றி வேலி போட்டாக வேண்டும். ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகள் வெகுகாலம் சுற்றுச்சூழல் அனுமதியின் வலைக்குள்ளேயே வராமல் இருந்தன. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கின் தீர்ப்பில்தான் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. அதற்கு முன் தோண்டிய சின்னப் பள்ளங்கள் இப்படித்தான் ஊருக்கு ஊர் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

தண்ணீர் விளிம்புக்குப் போனோம். துவைகல்லாக நான்கு சக்கைக் கற்கள் போட்டிருந்தன. அதைச் சுற்றி இன்னும் வெடிக்காத சோப்பு நுரை. நண்பர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதியியல் வாத்தியாருக்கு நுரை ஒரு சாட்சி. பாறைக்குள் ஆழத்தில் வெகுகாலம் தங்கிய தண்ணீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு கடினமாகிவிடும். அதில் சோப்பு திரியும், நுரைக்காது. ஊரின் ஆழ்துளைக் குழாய்த் தண்ணீர் அப்படித்தான் என்று ஆயா சொன்னார். "போர்த் தண்ணியில துணி போட்டா வெள்ளையாப் பூக்குது. பருப்பு வேவாது, கல்லுமாதிரி கெடக்கும். இந்தத் தண்ணியில போட்டா ரெண்டு கொதியில மலந்துடும்." பள்ளத்தில் நிற்பது பெரும்பாலும் மழைநீர். வடகிழக்குப் பருவத்தில் விழுந்தது. அடியில் பாறை இருப்பதால் சட்டென்று வடிந்துபோகாமல் பங்குனி வரைக்கும் நிற்கிறது.

தோல் தொழிற்சாலைகளின் ஊரான ராணிப்பேட்டையை நினைத்துக்கொண்டு இதைக் கேட்டால் மனசு என்னவோ செய்யும். தோல் கெடாமல் இருக்க முதலில் உப்பைத்தான் போடுகிறார்கள். தொழிற்சாலையில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு வெளியேறுகிறது. எல்லாரும் குரோமியத்தைப் பேசுகிறோம். வயலைக் கொன்றதில் அந்தச் சாதாரண உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்ற கணக்கு அதில் பதிவானது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம்தான் என்று உறுதியானது கெட்டுப்போன பாலாற்றங்கரைக் கிணறுகளால்தான். அப்படியும், மூடிப்போன தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை விட்டுப்போன லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு சிப்காட் தொழிற்பேட்டையில் மலையாகக் குவிந்தே கிடந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை சேர்ந்தது.

அதனால்தான் சரிவின் ஓரத்தில் கிடந்த இரண்டு சாக்கு மூட்டைகளைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. வாய் அவிழ்ந்து, குரோமியத்தில் பதனிட்டு நீலம் பாய்ந்த தோல் சீவல்கள் சிதறியிருந்தன. இரண்டே மூட்டை. ஆனால் கழிவைக் கொட்ட இடம் தேடுகிறவன் கண்ணுக்கு, கைவிட்ட குவாரி என்பது ஏற்கெனவே தோண்டி வைத்த குழி. கேட்க ஆள் இல்லாத குழி. ஊருக்குப் பருப்பு வேகவைக்கும் தண்ணீர் அதில் நிற்கிறது என்பது எந்த அலுவலகத்தின் ஏட்டிலும் இருக்காது. சென்னைக்குத் தாகம் எடுத்த 2017இல் மாங்காட்டுக்குப் பக்கத்துச் சிக்கராயபுரத்தின் பழைய குவாரிகளில் தேங்கிய நீரைச் சோதித்து, சுத்திகரித்து, குழாயில் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்று முதல் அவை பள்ளங்கள் அல்ல, நீராதாரங்கள். அதே மதிப்பு ஒரு சின்ன ஊரின் ஒன்றரை ஏக்கர் குழிக்கும் கிடைக்க வேண்டும். கிடைப்பதற்கு முன்னால் அது நிரம்பிவிடக் கூடாது. குவாரித் தண்ணீர் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. வெடிமருந்தின் நைட்ரேட் தங்கியிருக்கலாம், விரிசல் வழியாக வேறெதுவும் கசிந்திருக்கலாம். சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். அதைக்கூட யாரும் செய்யவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

வெயில் தாழ்ந்தது. கிழக்குச் சுவரின் பொந்து ஒன்றிலிருந்து அடித்தொண்டையில் இரண்டு எழுத்துச் சத்தம் வந்தது. கொம்பன் ஆந்தை. இந்த மாதிரிக் குவாரிச் சுவர்களில் அது குடும்பம் நடத்தும். பொந்தின் கீழே அது கக்கிய உருண்டைகள் கிடந்தன, எலியின் சின்ன எலும்புகள் உள்ளே. வேட்டு வைத்துப் பிளந்த விளிம்பில், எட்டாத உயரத்தில், அதற்கு ஒரு வீடு. ஆயா அதைத் தினமும் கேட்கிறவர்போல நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எம்பேத்தி ஷூ கம்பெனியில அப்பர் தைக்கறா" என்றார். "காத்தால ஏயு மணிக்கு வண்டி வந்து இட்டுக்கினு போவும். நெயல்ல வேல. கல்லுத்தூளு இல்ல." சொல்லிவிட்டுத் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். சுட்டுவிரல் நகம் பாதியோடு நின்றிருந்தது. அம்மா ஜல்லி, மகள் ஜல்லி, பேத்தி தோல். இந்த வட்டாரத்தின் பல வீடுகளில் மூன்று தலைமுறைப் பெண்களின் கதை இதுதான்.

நண்பர் தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, மூன்று முறை அலசி, முழங்கை வரை கையை விட்டு ஆழத்திலிருந்து நிரப்பினார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உப்பும் கடினத்தன்மையும் பார்க்கலாம், மற்றதற்கு வேலூருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றார். ஆயா உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டில்ல தண்ணி எடுத்துக்கினு போனவங்கோ இந்தப் பக்கம் நெறையப் பேரு. ஒருத்தரும் திரும்பி வந்து இன்னாதான் கீதுன்னு சொன்னதில்ல."

"அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றேன் ஆயா."

அவர் பதில் சொல்லவில்லை. குடத்தைச் சாய்த்து நிரப்பி இடுப்பில் ஏற்றினார். நண்பர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பாட்டில் தாளில் தேதியை எழுதினார், நேரத்தை எழுதினார். எந்த இடத்துத் தண்ணீர் என்று எழுத வேண்டிய இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு "உங்க பேரு என்ன ஆயா?" என்று கேட்டார். அவர் சொன்னார். நண்பர் எழுதியதை நீட்டிக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அவர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஆடுகளைச் சத்தம் கொடுத்துக் கூப்பிட்டு, சரிவில் முன்னால் ஏறினார். இருட்டிக்கொண்டு வந்ததால், அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நாங்களும் ஏறினோம்.